வாசல் வரை உங்கள் ஆள்

அப்பாவின் வலதுகை விரல்களைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள் மகள். நாற்பத்தைந்து வருஷ கிரீஸ். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் நர்சுகள் எத்தனையோ பஞ்சை நனைத்துத் துடைத்தும் நகக்கண்ணை விட்டு அசையாத கறுப்பு, இப்போது மட்டும் போய்விடுமா என்ன? ஆனாலும் தேய்த்தாள். வெளியே வாடகை நாற்காலிகளை இறக்கும் சத்தம் கேட்டது.

கதவருகில் வந்து நின்ற தம்பி கொஞ்ச நேரம் பார்த்தான். "விடுக்கா. யாரு போய் நகத்தைப் பாக்கப் போறா?"

"சாவி மாமா பாப்பாரு. பாத்துட்டு, 'செத்தும் கை கழுவல பாரு இந்த மெக்கானிக்'னு சொல்லுவாரு."

தம்பி சிரிக்கவில்லை. போனைப் பார்த்தபடி, "நாலு மணிக்கு எடுக்கிறோம். பாஸ்டர்கிட்ட சொல்லியாச்சு" என்றான்.

"அப்ப கல்லறைத் தோட்டத்துச் சாவி வாங்க நான் போறேன். இதை முடிச்சுட்டு."

"நீ எங்கயும் போக வேணாம். அதெல்லாம் நான் பாத்துக்கிட்டேன்."

"போன்லயா சொன்ன?"

"பாத்துக்கிட்டேன்னு சொல்றேன்ல?" என்றவன் நாற்காலிக்காரரைக் கவனிக்கப் போய்விட்டான்.

போனில் சொல்லி முடிக்கிற விஷயமா அது? சாவு வீட்டிலிருந்து ஒருவர் நேரில் போய்க் கேட்க வேண்டும். அதுதான் இரண்டு சபைக்கும் நடுவில் இருந்த முறை. அந்த முறை வந்த கதையைக் கேட்டால் வெளியாட்களுக்குச் சிரிப்பு வரும். நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரே சபைதான் இருந்தது. திருவிருந்தில் எல்லாரும் ஒரே கிண்ணத்தில் வாய் வைத்துக் குடிப்பதா, ஆளுக்கொரு சின்னக் கிண்ணமா என்று ஆரம்பித்த பேச்சு முற்றி, சட்டைக் காலரைப் பிடிக்கும் அளவுக்குப் போய், சபை இரண்டாக உடைந்தது. ஆண்டவர் எந்தக் கிண்ணத்துக்கும் ஆட்சேபம் சொன்னதாகத் தெரியவில்லை. ஆட்கள்தான் சொன்னார்கள். பெஞ்சு, பாட்டுப் புத்தகம், பாய் எல்லாம் பங்கு பிரிந்தன. கட்டடமும் சவ வண்டியும் பழைய சபைக்கு. கல்லறைத் தோட்டம் புதிய சபைக்கு. நாற்பத்திரண்டு வயதாகியும் அதற்கு இன்றைக்கும் புதிய சபை என்றுதான் பெயர்.

கோபத்தில் பிரித்த பெரியவர்களுக்கு முதல் சாவு விழுந்தபோதுதான் உறைத்தது. ஒருவரிடம் இடம் இருக்கிறது, கொண்டுபோக வண்டி இல்லை. இன்னொருவரிடம் வண்டி இருக்கிறது, கொண்டுபோக இடம் இல்லை. ஒரே மேஜையில் உட்கார மாட்டோம் என்று அவர்கள் முறுக்கிக்கொண்டதால், இரண்டு பக்கமும் ஆளுக்கோர் இளவட்டத்தைப் பிடித்துக் கையெழுத்துப் போட வைத்தார்கள். பழைய சபையில் வண்டியைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக், அவள் அப்பா. புதிய சபையில் தோட்டத்துச் சாவியை வைத்திருந்தவர். இவர்கள் இருவரில் யார் எழுதிக் கொடுத்தாலும் ஒப்பந்தம் முறியும், வேறு யாராலும் முறிக்க முடியாது என்று ஒரு வரி. பெரியவர்கள் ஒருவரையொருவர் நம்பவில்லை. இந்த இரண்டு பேரை மட்டும் எப்படியோ நம்பினார்கள்.

பிறகு பழக்கம் தானாக வளர்ந்தது. தோட்டத்து வாசல் வரைக்கும் பெட்டியைச் சொந்தச் சபைக்காரர்கள் தூக்குவார்கள். வாசலில் தோள் மாறும். அங்கிருந்து குழி வரைக்கும் அடுத்த சபைக்காரர்கள். "வாசல் வரை உங்க ஆளு, உள்ள வந்தா எங்க ஆளு" என்பார் சாவிக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் எதிரெதிர் பக்கமாக நடைபாதையில் போகிறவர்கள் சாவென்றால் மட்டும் ஒன்றாக நின்று பாடினார்கள். கையெழுத்துப் போட்ட இருவரும் நண்பர்களாகி, தகராறையே மறந்துவிட்டார்கள். "என்னைக் கடைசியாத் தூக்குறது அவன்தான்" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். "முதுகு வலிக்குதுன்னு நழுவப் பாப்பான். விட்டுறாதே பாப்பா. உங்கம்மா பக்கத்துல கொண்டுபோய்ப் படுக்க வைக்கச் சொல்லு."

அதை அவளிடம்தான் சொன்னார். தம்பி சபைச் செயலாளர், ஆனாலும் அவனிடம் சொல்லவில்லை. சரி என்று அவள் தலையாட்டியிருக்கிறாள், ஒரு தடவை இல்லை, பத்துத் தடவையாவது.

அப்பாவின் கையைத் துணியால் துடைத்து மார்பில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். சாவிக்காக மட்டும் அல்ல. சாவி மாமாவை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்காமல் அவளுக்கு மனசு ஆறாது. பத்தொன்பது நாளில் ஒரு நாள்கூட ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை அந்த மனுஷன்.

கல்லறைத் தோட்டத்தின் சுவரை ஒட்டியே அவர் வீடு. வாசலில் கையெல்லாம் மண்ணாகக் குழாயடியில் நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் குழாயை மூடினார். வா என்று சொல்லவில்லை.

"என்ன மாமா, வழி மறந்து போச்சா ஆஸ்பத்திரிக்கு?" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்தது. "தினமும் கேட்டாரு. 'வந்தானா, வந்தானா'ன்னு. சாப்பாட்டு நேரத்துல வருவான்னு கதவைப் பாத்துக்கிட்டே இருந்தாரு. முந்தாநாள் வாய் பேச முடியல, அப்பக்கூடக் கண்ணால கேட்டாரு. அப்படி என்ன மாமா வேலை உங்களுக்கு?"

அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளே பேச்சை நிறுத்தினாள். கோபம் வந்த முகம் இல்லை அது.

"கேட்டானா?" என்றார். "என்னையா கேட்டான்?"

"வேற யாரை?"

ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். ஒரு கவரோடு வந்து அவள் கையில் கொடுத்தார். "இதை அனுப்பிட்டு என்னை ஏம்மா கேக்கணும்?"

பழைய சபையின் முத்திரை பதித்த தாள். நாலே வரி. கல்லறைத் தோட்டம் தொடர்பான ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது. உங்கள் தோட்டம் எங்களுக்கு இனித் தேவையில்லை. எங்கள் வண்டியை நீங்கள் எதிர்பார்க்க வேண்டாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் என்ற முறையில் இதை என் முழுச் சம்மதத்தோடு தெரிவிக்கிறேன். கீழே அப்பாவின் கையெழுத்து. கடைசி எழுத்து கோட்டை விட்டு இறங்கி நடுங்கிப் போயிருந்தது.

அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். பன்னிரண்டு வருஷமாக டாக்டர்களின் கிறுக்கலைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள். ஒரு சீட்டையும் இரண்டு தடவை பார்க்காமல் மருந்தைத் தொட மாட்டாள், அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இந்தக் கையெழுத்து எந்த நாளில், எந்த மணிக்குப் போட்டது என்று அவளுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் சாயங்காலம். தம்பி ஒரு ஃபைலோடு வந்தான். இன்சூரன்ஸ் பாரம் என்றான். ஐந்தாறு தாள். எங்கே போட வேண்டும் என்று ஒவ்வொரு தாளிலும் விரலை வைத்துக் காட்டினான். அப்பா ஒன்றையும் படிக்கவில்லை. மகன் நீட்டின தாளைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற அப்பா எங்கே இருக்கிறார்? தாளுக்கு அடியில் அட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது அவள்தான். "கை நடுங்குது, நல்லாப் பிடி பாப்பா" என்று அப்பா சொன்னார். நன்றாகத்தான் பிடித்தாள்.

"கண்ணாடி போட்டிருந்தானா?" என்று கேட்டார் சாவிக்காரர். அவள் முகத்திலேயே பாதியைப் படித்துவிட்டார் போலிருக்கிறது.

"இல்ல மாமா. கண்ணாடிக் கால் உடைஞ்சு கடையில குடுத்திருந்தேன். தம்பி இன்சூரன்ஸ் பாரம்னு நீட்டினான்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். நகத்தில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினார். "நாற்பத்திரண்டு வருஷம்மா. நான் ஒரு தடவை போய் ஏன்டான்னு கேட்டிருக்கலாம். கேக்கல. ரோஷம். வீட்டுக்குள்ள உக்காந்து அவனைத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

தெருவில் ஒரு பால் வண்டி போனது.

"கை ஏன் மாமா இவ்வளவு மண்ணா இருக்கு?"

"விடியக்காலம் உங்க சபை மணி அடிச்சுது. எண்ணினேன். வயசுக்கு ஒண்ணா அறுபத்தொன்பது அடிச்சுது. அவனைத் தவிர யாரு? எழுதிக் குடுத்தா குடுத்துட்டுப் போறான், குழி நான்தானே வெட்டணும்னு போனேன். இடுப்பு ஆழத்துக்கு மேல முடியல. பக்கத்து வீட்டுக்காரன் கை குடுத்தான்."

எழுந்து போய்த் தோட்டத்து வாசலைத் திறந்தார். அம்மாவின் கல்லுக்குப் பக்கத்தில் குழி தயாராக இருந்தது. ஓரங்கள் மட்டம் பிடித்தது போல நேராக இருந்தன. எதிரியாகிவிட்டான் என்று நம்பின ஆளுக்காக வெட்டிய குழி. அவளுக்கு அப்போதுதான் அன்றைக்கு முதல் தடவையாக அழுகை வந்தது.

"கமிட்டிக்குச் சொல்லல" என்றார். "தலைவருக்குத் தெரிஞ்சா குதிப்பாரு. நீ போய் உன் தம்பிகிட்டப் பேசு. அவன் அந்த லெட்டரை வாபஸ் வாங்கினா நான் இங்க சமாளிச்சுக்கிறேன். ஆறு பேரைச் சொல்லி வைக்கிறேன். தோள் மாத்துறதுக்கு."

வீட்டுக்குத் திரும்பி, தம்பியைத் துணி காயப்போடும் பின்பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். கடிதத்தை நீட்டினாள். அவன் அதை வாங்கவில்லை. மறுக்கவும் இல்லை.

"அப்பாவை எங்கடா கொண்டுபோகப் போற?"

"பைபாஸ் பக்கத்துல சபை ஒரு இடம் வாங்கியிருக்கு. சொந்த இடம். இனி எவன் கேட்லயும் போய் நிக்க வேணாம். அப்பாதான் முதல். கருங்கல்லுல பேர் போட்டு, நல்லபடியா வைக்கிறோம்க்கா."

"அவர் அம்மாகிட்டப் போகணும்னு சொன்னாருடா."

"என்கிட்டச் சொல்லல."

"சொல்லாட்டி உனக்குத் தெரியாதா? சாகக் கிடக்கிற மனுஷனைப் பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கியே. என்னை அட்டையைப் பிடிக்க வச்சு வாங்கியிருக்கியே. உனக்கு எப்படிடா மனசு வந்துச்சு?"

தம்பி கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். பேசியபோது சத்தமே இல்லாமல் பேசினான். "என் புள்ள போனப்ப அவளுக்குப் பதினோரு நாள்க்கா. மழை. பெட்டியை மடியில வச்சுக்கிட்டு வண்டிக்குள்ள ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன். உள்ள அவங்க கமிட்டி கூட்டம் போட்டுச்சு. ஞானஸ்நானம் ஆகாத புள்ளையை வரிசையில வைக்கலாமா வேணாமான்னு. உன் சாவி மாமா சாவியைக் கையில வச்சுக்கிட்டு கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னாரு. திறக்கல. கடைசியில சுவரோரமா ஒரு மூலையைக் காட்டினாங்க. அடுத்த ஞாயிறு அப்பா அவர் தோள்ல கை போட்டுச் சிரிச்சுப் பேசிக்கிட்டு நிக்கிறாரு. 'விடுடா, திறந்துட்டாங்கல்ல'ன்னாரு என்கிட்ட. எனக்கு யாருக்கா இருந்தா அன்னைக்கு?"

அவளுக்கு அந்த மழை ஞாபகம் இருந்தது. இருந்தாலும் கேட்டாள். "உன் புள்ளையும் அங்கதானேடா இருக்கா?"

"சுவரோரத்துல இருக்கா" என்றான். "உள்ள இல்ல."

அவள் தங்கள் சபைப் போதகரிடம் போனாள். போதகர் நல்லவர், யாரிடமும் முகம் கோணாதவர், அதனாலேயே எதற்கும் ஆகாதவர். "தீர்மானம் ஆகிப்போச்சும்மா. நோட்டீஸ் அடிச்சாச்சு. இன்னைக்கு வேணாமே இந்தப் பேச்சு" என்றார். அவள் விடவில்லை. குழி வெட்டியாகிவிட்டது, ஒரு போன் போட்டுப் பேசுங்கள் என்று அவர் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள். வேறு வழி இல்லாமல் புதிய சபைத் தலைவரைக் கூப்பிட்டு, அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். இரண்டு பேரும் இதற்கு முன் ஒருவருக்கொருவர் போனில் பேசியதே இல்லை என்பது அவர்கள் நலம் விசாரித்த தினுசிலேயே தெரிந்தது.

"குழியா? யாரைக் கேட்டு வெட்டினாரு?" என்றது தலைவரின் குரல். "லெட்டர் வந்த அன்னைக்கே நாங்க ஏத்துக்கிட்டுத் தீர்மானம் போட்டாச்சு ஐயா. உண்மையைச் சொன்னா எங்களுக்கும் இது நிம்மதிதான். உங்க ஆட்களால எங்க இடமும் குறைஞ்சுக்கிட்டே வருது. அவங்கவங்க அவங்கவங்க இடத்துல இருந்தா ஒரு வம்பும் இல்ல பாருங்க."

"அதேதான் ஐயா, நாங்களும் அதைத்தான் நினைச்சோம்" என்றார் போதகர், பெரிய பாரம் இறங்கிய குரலில்.

நாற்பத்திரண்டு வருஷத்தில் இரண்டு சபையும் ஒரு மனப்பட்டது அந்த ஒரு விஷயத்தில்தான். போன் வைக்கும் முன் இருவரும் ஒருவரையொருவர் ஆசீர்வதித்துக்கொண்டார்கள். ஒருவருக்கொருவர் ஜெபித்துக்கொள்வதாகவும் சொன்னார்கள். அவள் எழுந்து வந்துவிட்டாள். அப்பா நாற்பத்திரண்டு வருஷம் அந்த வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தது இந்த இரண்டு பேருக்காகவா?

பெட்டிக்குக் குறுக்கே விழுந்து தடுத்திருக்கலாம். ஊர் கூடிய வாசலில் தம்பியின் திருட்டைப் போட்டு உடைத்திருக்கலாம். நாலு மணி ஆகும் வரை இரண்டையும் நினைத்துக்கொண்டுதான் இருந்தாள். பெட்டியை மூடும்போது தம்பி குனிந்து அப்பாவின் கைவிரல்களில் முகத்தைப் புதைத்துக்கொண்டு எழவே மாட்டேன் என்று கிடந்தான். இரண்டு பேர் சேர்ந்துதான் அவனைத் தூக்க வேண்டியிருந்தது. அதைப் பார்த்த பிறகு அவளுக்கு வாய் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று பின்னால் பல நாள் நினைத்தாள்.

புதிய இடம் ஒரு டயர் கடைக்குப் பின்னால் இருந்தது. புல்டோசர் ஓடிச் சமன்படுத்திய தரை, நாலு மூலையிலும் அளவுக்கல், ஒரு மரம் கிடையாது. சபை புதுசாக வாங்கியிருந்த சக்கரத் தள்ளுவண்டியில் பெட்டியை வைத்து, நாலு பேர் அலுங்காமல் தள்ளிக்கொண்டு போனார்கள். தோளுக்கு வேலையே இல்லை. "முதல் ஆள்" என்று ஒவ்வொருவரும் மரியாதையாகச் சொன்னார்கள். போதகர் தன் பேச்சில் இரண்டு தடவை சொன்னார். தலைமாட்டில் நட்டிருந்த தகட்டில் ஒன்று என்று எண் போட்டிருந்தது. சுற்றிலும் ஓர் ஆள் இல்லாத அத்தனை பெரிய வெளியில் அப்பாவைத் தனியாக இறக்கினார்கள். பாட்டின் நடுவில் அவள் தலையைத் திருப்பினாள். சாலைக்கு அந்தப் பக்கம், லாரிகளுக்கு நடுவே, சாவி மாமாவும் இன்னும் ஐந்தாறு பேரும் வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தார்கள். உள்ளே வரக்கூடாது என்று அவர்கள் கமிட்டி சொல்லியிருக்க வேண்டும். பாட்டு அவர்களுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. வாய் மட்டும் அசைந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் தோட்டத்துக்குப் போனாள். எதற்குப் போகிறோம் என்று வீட்டில் சொல்லவில்லை. அவளுக்கும் சரியாகத் தெரியாது.

சாவி மாமா மண்வெட்டியோடு குழிக்குள் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார். கால்வாசிதான் நிரம்பியிருந்தது. இரண்டு வெட்டுக்கு ஒரு தடவை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள மூடிடணுமாம்" என்றார். "தலைவர் உத்தரவு. ஆள் அனுப்புறேன்னாரு. வேணாம்னுட்டேன்."

அவள் இன்னொரு மண்வெட்டியை எடுத்தாள். கையில் கொப்புளம் வந்தது, உடைந்தது. வெயில் ஏறி, அம்மாவின் கல் சுடும் நேரம் ஆனபோது மண் தரைக்கு வந்து, தரைக்கு மேலும் கொஞ்சம் நின்றது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "மிதிக்கணும்மா. இப்படி விட்டா மேடு நிக்கும். மேடு நின்னா யாரோ இருக்காங்கன்னு நினைச்சுக்குவாங்க."

அவள் நின்றாள். கல்லறை மேல் கால் படக்கூடாது என்று குழந்தையிலிருந்து கேட்டு வளர்ந்த கால்.

"நீ தள்ளிக்க. நான் மிதிச்சுடுறேன்" என்று அவர் ஓரடி வைத்தார். இடுப்பு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அவள் ஏறினாள். மண் இளக்கமாக இருந்தது, கணுக்கால் வரை உள்ளே வாங்கியது. தலைமாட்டிலிருந்து ஆரம்பித்து, ஒரு குதிகாலுக்குப் பக்கத்தில் இன்னொரு குதிகாலாக, கால்மாடு வரைக்கும் மிதித்துக்கொண்டே போனாள். அங்கே போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"நடுவுல இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றார் அவர்.

நடுவுக்கு வந்து நின்று மறுபடியும் மிதித்தாள்.